எலும்புக்கூடு அச்சிட்ட ஆயிரம் பிராங்க்

1

போன வியாழக்கிழமை பின்னேரம் நாணயமாற்றுக் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். அவள் முறை வந்ததும், கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளியால் ஒரு பெரிய தாளை உள்ளே தள்ளினாள். உள்ளே இருந்தவர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் புரட்டினார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, அதே இடைவெளியால் வெளியே தள்ளிவிட்டார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. ஏன் என்று கேட்க அவளுக்குப் பாஷை இல்லை. எந்த நாட்டுத் தாள், அவள் எந்த நாட்டுப் பெண், ஒன்றும் எனக்குத் தெரியாது. தாளை உள்ளங்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனாள்.

எனக்கு முறை வந்தது தெரியாமல் நின்றிருக்கிறேன். உள்ளே இருந்தவர் இரண்டு தரம் கண்ணாடியில் தட்டினார்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு வெளிநாட்டுக் காசு என்றால் அது உண்டியல்காரன் வீட்டுக்கு வந்து எண்ணித் தருகிற தாளாக, வங்கிக் கடிதமாக, யாரோ ஒருவர் விடுமுறையில் கொண்டுவந்து தருகிற கடித உறையாக வந்து சேருகிறது. அதற்கு முன்னால் அது எத்தனை கண்ணாடிகளுக்குக் கீழே நுழைந்து வெளியே வந்தது என்று நீங்கள் காண்பதில்லை. சிறிய தாள் என்றால் பிரச்சினை இல்லை. வேலைக்காரன் கையில் பெரிய தாளைக் கண்டால் எந்தக் கடைக்காரனும் தாளைப் பார்க்க முன்னம் முகத்தைத்தான் பார்க்கிறான்.

அந்தப் பெண் போன பிறகு இரண்டு நாளாக எனக்குப் பரமேஸ்வரியின் நினைவாகவே இருக்கிறது. அதை எழுதிவிட்டால் கொஞ்சம் இறங்கும் போலத் தோன்றுகிறது.

2

நான் மருதமுனைக்காரன். பெயர் ஆதம்பாவா. குவைத்துக்கு வர முன்னம் நாவிதன்வெளிக் கண்டங்களில் பிறத்தியாருடைய டிராக்டரில் வயல் உழுதவன். இங்கே ஒரு வியாபாரியின் வீட்டில் கார் ஓட்டுகிறேன். எழுபத்தொன்பதில் வந்தேன். இரண்டு வருடத்தில் திரும்புவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது ஒன்பதாவது வருடம் நடக்கிறது.

சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போனவன்தானே, அரபு தெரியும் என்ற நம்பிக்கையில்தான் விமானம் ஏறினேன். வந்த முதல் நாள் சமையலறையில் தண்ணீர் கேட்பதற்கு, ஓதின ஞாபகத்தில் ‘மாஉன்’ என்றேன். எகிப்துக்காரச் சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் குத்பா ஓதுகிற ஆள் ஒருவர் கார் ஓட்ட வந்திருக்கிறார் என்று வீடெல்லாம் சொல்லிச் சிரித்தார். இந்த ஊரில் தண்ணீருக்கு ‘மாய்’ என்றால் போதும். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பிறகு எகிப்துக்காரரும் ஊர் போய்விட்டார். வீட்டில் கதைக்க யாரும் இல்லை. காருக்குள் இருக்கும்போது எனக்கு நானே தமிழில் கதைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். ‘இடப் பக்கம் லொறி வருது, பார்த்து’ என்று சொல்லிக்கொண்டுதான் வண்டியைத் திருப்புவேன்.

எண்பத்துமூன்றின் கடைசியில் வீட்டு வேலைக்கு இலங்கையிலிருந்து ஒரு பெண் வருவதாகச் சொல்லி என்னை விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள். ‘ஃபரீதா’ என்று அரபிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையில் புதுமுக்காடு போட்ட ஒரு பெண் அட்டையைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். ஸலாம் சொன்னேன். பதில் வாய்க்குள்ளேயே போய்விட்டது. தமிழ் தெரியாத கொழும்புப் பக்கத்து ஆளாக இருக்கும் என்று நினைத்து நானும் கதை கொடுக்கவில்லை. வீதி வளைவொன்றில் முன்னால் போன வண்டி சட்டென்று நிற்க, நானும் இறுக்கிப் பிரேக் பிடித்தேன்.

பின் சீட்டிலிருந்து “முருகா!” என்று ஒரு சத்தம்.

வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பினேன்.

“தங்கச்சி எந்த ஊர்?”

அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. தமிழைக் கேட்டதும் இன்னும் வெளிறியது.

“கல்முனை.”

“கல்முனையில எவடம்?”

“பாண்டிருப்பு.”

“நான் மருதமுனை.”

அயலூர். எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் வாங்கு சொன்னால் அவர்கள் ஊரில் கேட்கும். அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில் என்னைக் காக்கா என்றாள்.

“காக்கா, என்ட பேர் ஃபரீதா இல்ல. பரமேஸ்வரி. கொழும்பில ஏஜென்டுதான் பாஸ்போட்டுல மாத்தினான். முஸ்லிம் பேரெண்டாத்தான் இந்த வீட்டில எடுப்பாங்களாம். சொல்லிப்போடாதீங்க காக்கா. மூணு புள்ளைகள அக்காட்ட விட்டுட்டு வந்திரிக்கன்.”

“ஆர் சொல்லப்போற? அழாதீங்க. மூஞ்சியத் துடைங்க. வீடு வரப்போகுது.”

மீதி வழியில் பதில் ஸலாம் எப்படிச் சொல்வது, சாப்பிட உட்கார்ந்தால் என்ன சொல்வது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். இந்த வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் எஜமானியை ‘மாமா’ என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா என்று பொருள். அதைச் சொன்னபோது, அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள்.

“பொம்புளய மாமா எண்டு கூப்புடுறதா? கேட்டா எங்கட ஊரில கொல்லுவாங்க.”

புருஷன் கரைவலை இழுத்தவன். நெஞ்சு நோயில் போய்விட்டான். மூத்தது பையன், நடுவில் மகள், கடைசிப் பையனுக்கு அப்போது மூன்று வயது. இதெல்லாம் அவள் ஒரே நாளில் சொன்னதல்ல. சமையலறைக் கதவடியில் எனக்குச் சோறு போட்டு வைக்கும்போது ஒவ்வொன்றாகச் சொன்னது. அந்த ஒன்றரை வருடத்தில் நான் காருக்குள் எனக்கு நானே கதைப்பதை விட்டுவிட்டேன். அது நின்றுபோனதே எனக்குத் தெரியாது, பிற்பாடுதான் தெரிந்தது.

3

எஜமானி உம்மு நாஸருக்கு ஸாரா என்று ஓர் அக்கா. கல்யாணம் முடிக்காதவள். ஐம்பது வயதிருக்கும். வயிற்றில் புற்று. முன்னொரு காலம் ஜெனீவாவில் வைத்தியம் செய்து சுகமாகி வந்தவளுக்கு அது திரும்பவும் வந்துவிட்டது. எண்பத்துநாலு கோடையில் குடும்பம் அவளை மறுபடி ஜெனீவாவுக்குக் கொண்டுபோனது. அவளைக் கழுவித் துடைத்துப் பார்க்கப் பரமேஸ்வரியையும் கூட்டிப்போனார்கள். நான் வீட்டையும் காரையும் பார்த்துக்கொண்டு இங்கே இருந்தேன். இரண்டு மாதத்தில் ஸாரா அங்கேயே காலமானாள்.

பரமேஸ்வரி மெலிந்து திரும்பினாள். அதற்குப் பிறகும் மூன்று நாலு மாதம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் காலை, வீட்டார் எல்லாரும் விருந்துக்குப் போயிருந்தபோது, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு தாளை என் முன்னால் வைத்தாள்.

சுவிஸ் காசு. ஆயிரம் பிராங்க். அவ்வளவு பெரிய தாளை நான் அதற்கு முன் கண்டதில்லை, அளவிலும் பெரியது. பின்பக்கத்தைத் திருப்பியதும் கை நின்றுவிட்டது. மனிதர்களுக்கு நடுவே ஓர் எலும்புக்கூடு.

“ஓம் காக்கா, நானும் பாத்துட்டுப் பயந்துதான் போனன். அந்த ஸாரா அம்மா தந்தது. மவுத்தாப் போறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னம். பழைய தோல்பையொண்டு வைச்சிருந்தா. அதுக்குள்ள இருந்து எடுத்து என்ட கைக்குள்ள வைச்சுப் பொத்திவிட்டா.”

“ஆர் பாத்த?”

“ஒருத்தரும் பாக்கல்ல.”

“எஜமானிக்குத் தெரியுமா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். “இத மாத்தி ஊருக்கு அனுப்பித் தாங்க காக்கா. அக்காட வீட்டுக்குக் கூரை இல்ல. ஓலையும் உக்கிப்போச்சாம்.”

நான் வாங்கிக்கொண்டேன். ‘ஆர் பாத்த’ என்று நான் கேட்டது யோசித்துக் கேட்டதல்ல. ஆனால் கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சந்தேகம் போய்ச் சேர்ந்ததும் தெரிந்தது.

முதலில் போன கடையில் இருந்தவர் மலையாளி. நல்ல மனிதர். தாளைப் பார்த்ததும் சிரித்தார். “இது பழைய வரிசை. அந்த நாட்டுக்காரர்களே திரும்பப் பெற்றுவிட்டார்கள். இங்கே எந்தக் கடையிலும் எடுக்கமாட்டார்கள். அவர்களுடைய மத்திய வங்கிக்குப் போனால் மாற்றித் தருவார்கள். அங்கே காசு, இங்கே கடதாசி” என்றார்.

அந்த வங்கிக்குத் தபாலில் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அனுப்பலாம், யாருடையது, எப்படி வந்தது, பாஸ்போட் பிரதி, வங்கிக் கணக்கு என்று கேட்பார்கள் என்றார். பரமேஸ்வரியின் பாஸ்போட் எஜமானரின் இரும்புப் பெட்டியில். அதிலிருக்கும் பெயர் அவளுடையதல்ல. வங்கிக் கணக்கு என்று ஒன்றை அவள் பரம்பரையிலேயே யாரும் வைத்திருந்ததில்லை.

இரண்டாவதாகப் போனது நகைச் சந்தைக்குள் இருந்த ஒரு சின்னக் கடை. அங்கே இருந்த கிழவர் பழைய தாள்களும் வாங்குவார் என்று சொல்லியிருந்தார்கள். பெறுமதியில் ஐந்தில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னார். நான் யோசித்துக்கொண்டு நிற்க, என் அடையாள அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். சாரதி என்று அதில் இருந்தது.

“உன் எஜமானின் தொலைபேசி எண் என்ன?” என்றார்.

“எதற்கு?”

“இப்படி ஒரு தாள் சாரதியிடம் எப்படி வந்தது என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான்.”

கை தொலைபேசிக்குப் போனது. நான் தாளையும் அட்டையையும் அவர் மேசையிலிருந்து பறித்துக்கொண்டு வெளியே வந்தேன். சந்தைக்குள் ஓடினால் திருடன் என்று பிடிப்பார்கள். ஓடாமல், ஆனால் ஓடுகிற வேகத்தில் நடந்து காருக்குள் ஏறி உட்கார்ந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நடந்ததைச் சொன்னபோது பரமேஸ்வரி தாளைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அவளுடைய அறையை எஜமானி அடிக்கடி திறந்து பார்ப்பாள். “உங்களிட்டயே இரிக்கட்டும் காக்கா. மறுகா பாப்பம்” என்றாள். நான் அதை என் சவரப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

4

எண்பத்தைந்தில் எங்கள் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அதற்குள் இருந்தீர்கள். எனக்கு அது ரேடியோவில் ஓர் ஊர்ப்பெயராக வந்தது. அந்தப் பெயரை அறிவிப்பாளர் பிழையாக உச்சரித்தார். பிறகு மூன்று கிழமைக்கு ஒன்றும் இல்லை. தபால் வரவில்லை. தொலைபேசி உள்ள ஆளை ஊரில் எனக்குத் தெரியாது.

மூன்றாம் கிழமை முடிவில் இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. நான்தான் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தேன். ஒன்று என் மனைவி ஜெமீலாவுடையது. பிள்ளைகளோடு உள்ளூர்ப் பள்ளிக்கூடமொன்றில் எட்டு நாள் இருந்ததாகவும், என் தம்பியின் சில்லறைக் கடை எரிந்துபோனதாகவும், தம்பி உயிரோடு இருப்பதாகவும் எழுதியிருந்தாள். மற்றது பரமேஸ்வரியின் அக்காவுடையது. அதில் என்ன இருந்தது என்று பரமேஸ்வரி சொல்லவில்லை. அன்று மத்தியானம் என் சோற்றைக் கதவடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“தங்கச்சி, புள்ளைகள் சுகமா?” என்று கேட்டேன்.

“வீடு எரிஞ்சு போச்சு. ஆரு எரிச்ச எண்டு நான் சொல்லவா?”

“என்ட தம்பிட கடையும் எரிஞ்சதுதான்.”

அவள் கறிச்சட்டியைக் கழுவத் தொடங்கினாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் எங்கே என்று ஒரு கேள்வி. அது வாயில் வரவில்லை. அவளுடைய வீட்டை நான் எரிக்கவில்லை, என் தம்பியின் கடையை அவள் எரிக்கவில்லை. ஆனால் அந்தச் சமையலறைக் கதவின் இரண்டு பக்கத்திலும் நாங்கள் இரண்டு ஊராக நின்றோம்.

அன்றிலிருந்து மூன்று கிழமை எங்களுக்குள் பேச்சில்லை. அவளுடைய தாள் என் பெட்டியில் இருந்தது. அதை அவள் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்று அவள் பயந்திருப்பாள். ஒவ்வொரு காலையும் சவரம் செய்யப் பெட்டியைத் திறக்கும்போது அது கண்ணில் படும். கொடுத்துவிடலாம் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. இருக்கட்டும், தவிக்கட்டும் என்று மூடிவைத்தேன். தம்பியின் கடைக் கணக்கை அவள் தலையில் எழுதிக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். எஜமானியிடம் ‘இவள் பெயர் ஃபரீதா இல்லை’ என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்ற நினைப்பும் ஒரு முறை வந்தது. அதை நினைத்த அன்று எனக்குத் தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்பது மறந்துபோனது.

வீட்டுக்குப் பதில் எழுதினேன். எழுத என்ன இருந்தது? வந்த நாளிலிருந்து கடிதம்தான் என் குடும்பம். மகள் நஜீமா முதலில் ‘வாப்பா எப்ப வாறீங்க’ என்று கோணல் எழுத்தில் எழுதுவாள். பிறகு எழுத்து நேராகிவிட்டது. ஒரு கைக்கடிகாரம், இரண்டு சட்டைத் துணி வேண்டும் என்று மட்டும் இருந்தது. அதற்கு முந்திய விடுமுறையில் நான் போயிருந்தபோது, அடுப்படியில் அவள் தாயிடம் மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது: “உம்மா, அவர் தேத்தண்ணி குடிப்பாரா?” ஜெமீலா அதட்டினாள். “ஆருடி அவர்? வாப்பா எண்டு சொல்லு.” பிள்ளை சொன்னாள். சொல்லச் சொன்னதால் சொன்னாள்.

5

நாலாம் கிழமை பரமேஸ்வரிக்குக் காய்ச்சல். இரண்டு நாள் விடாமல் காய்ந்ததும் எஜமானி என்னைக் கூப்பிட்டு, மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிப்போ, டொக்டர் சொல்வதை அவளுக்குத் தமிழில் சொல் என்றாள்.

அங்கே ‘ஃபரீதா’ என்று மூன்று தரம் கூப்பிட்டார்கள். காய்ச்சலில் அவளுக்கு அந்தப் பெயர் மறந்துபோயிருந்தது. நான் தோளுக்குக் கிட்டப் போய், “தங்கச்சி, உங்களத்தான்” என்றேன். மூன்று கிழமைக்குப் பிறகு அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அது.

டொக்டர் சிரியாக்காரர். காய்ச்சல் எத்தனை நாள், சாப்பிட முடிகிறதா, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். நான் தமிழில் கேட்டு அரபில் சொன்னேன்.

“மூணு புள்ளைகள்” என்றாள்.

டொக்டர் எழுதிக்கொண்டே, சும்மா கதைக்கும் குரலில், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் அதையும் தமிழில் கேட்டேன்.

அவள் டொக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“தெரியா காக்கா. வீடு எரிஞ்ச அண்டைக்குக் கோயிலுக்குள்ள போனதுகள் எண்டு அக்கா எழுதின. அங்க இருந்து ஆரோ லொறியில ஏத்திப் போனதாம். மூத்தவன் அதுகளோட போகல்லயாம். மறுகா கடிதம் வரல்ல. எனக்குத் தெரியா.”

டொக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார். “அவளுக்குத் தெரியாது” என்று அரபில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. “தெரியாது” என்று திரும்பவும் சொன்னேன். அவளுடைய வாயாக நான் அதைச் சொன்னபோது என் குரல் உடைந்தது. டொக்டர் என்னைத்தான் புருஷன் என்று நினைத்திருப்பார். என் பக்கம் ஒரு குவளை தண்ணீரைத் தள்ளி வைத்தார்.

திரும்பும் வழியில் வண்டியை நிழலில் நிறுத்தினேன்.

“தாள் என்னட்டத்தான் இரிக்கி. பத்திரமா இரிக்கி” என்றேன்.

“இருந்தா இரிக்கட்டும். அது இனி என்னத்துக்கு?”

“ஊருக்குப் போறதுக்கு. புள்ளைகளத் தேடுறதுக்கு. உங்கட ஒப்பந்தம் முடிய இன்னும் எவ்வளவோ இரிக்கி. சல்லியில்லாம எப்பிடிப் போவீங்க? எஜமானிட்டச் சொல்லுவம். கோடைக்கு அவ ஜெனீவா போவா. அவவாலதான் மாத்த ஏலும்.”

“களவெடுத்த எண்டு சொன்னா?”

“நான் கூட நிக்கன்.”

“உங்களயும் சேத்துப் புடிப்பாங்க காக்கா.”

“புடிக்கட்டும்.”

தைரியத்தில் சொன்னதல்ல. அந்த மூன்று கிழமையை வேறு எப்படிக் கழுவுவது என்று எனக்குத் தெரியவில்லை.

காய்ச்சல் விட்ட பிறகு ஒரு நாள் பத்து மணியளவில், எஜமானி கூடத்தில் தனியே கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் போய் நின்றோம். நான் தாளை மேசையில் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். இரண்டு கடைக்குப் போனதையும் சொன்னேன். உம்மு நாஸர் தாளைத் தொடவில்லை.

“என் அக்கா இறந்து எத்தனை மாதம்? இதுவரை ஏன் சொல்லவில்லை?” என்று பரமேஸ்வரியிடம் கேட்டாள்.

“பயம், மாமா” என்றாள் பரமேஸ்வரி. அவளுக்கு அரபில் நன்றாகத் தெரிந்த சொற்களில் அது ஒன்று.

“தரும்போது என் அக்கா என்ன சொன்னாள்?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பரமேஸ்வரி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளைகள் பாடமாக்கியதை ஒப்புவிப்பதுபோல, பொருள் தெரியாத ஓசைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

“ஹாதி லிச், யா பர்மிஸ். மூ லஹும்.”

இது உனக்கு, பர்மிஸ். அவர்களுக்கு இல்லை.

எஜமானி கோப்பையைத் தட்டில் வைத்தாள். அந்த ‘அவர்கள்’ யார் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தகப்பன் விட்டுப்போன சொத்தில் அக்காவுக்கும் தங்கைக்கும் நெடுநாள் வழக்கு. அந்தப் பேச்சை ஒரு வேலைக்காரி இட்டுக்கட்ட முடியாது. உம்மு நாஸருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழவில்லை. துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“பர்மிஸ் யார்?”

பரமேஸ்வரிக்குக் கேள்வி விளங்கிவிட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள். நோயாளியோடு தனித்திருந்த இரவு பகல்களில் தன் சொந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். பரமேஸ்வரி என்று சொல்ல ஸாராவின் நாக்கு வளையவில்லை; பர்மிஸ் ஆக்கிவிட்டாள்.

“அது அவளை வீட்டில் கூப்பிடுகிற பெயர்” என்றேன் நான். “எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அப்படி ஒன்று உண்டு.”

எஜமானி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தாளை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்து மூடினாள். “போங்கள்” என்றாள். அவ்வளவுதான்.

6

கோடை வந்தது. குடும்பம் ஜெனீவாவுக்குப் போனது. பரமேஸ்வரியைக் கூட்டிப்போகவில்லை. தாள் போனது போனதுதான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. ஆளில்லாத அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் தூசி தட்டினோம், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினோம். ஒவ்வொரு நாளும் தபால் பெட்டிக்குப் போய் வந்தேன். அங்கே ஒரு நாள் அவளுடைய அக்காவின் கடிதம் கிடந்தது. திறக்காமல் ஓடிவந்து கொடுத்தேன். அவள் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சின்னவை இரண்டும் அக்காவோடு இருந்தன. மூத்தவனைப் பற்றி, தேடுகிறோம் என்று மட்டும் ஒரு வரி.

புரட்டாதி மாதத்தில் குடும்பம் திரும்பியது. அடுத்த நாள் காலை எஜமானி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். ஓர் உறையைப் பரமேஸ்வரியின் கையில் கொடுத்தாள். உள்ளே அந்த நாட்டின் புதிய நூறு பிராங்க் தாள்கள் பத்து. கூடவே கொழும்புக்கு ஒரு விமானச் சீட்டு. ஒப்பந்தம் முடிய முன்னமே போக விடுவதாக எஜமானர் கையெழுத்துப் போட்டிருந்தார். “என் அக்கா உனக்குத் தந்தது. இந்தச் சீட்டு நான் தருவது” என்றாள். அதற்கு மேல் நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

பத்துத் தாள்களையும் அதே மலையாளியிடம் கொண்டுபோய் மாற்றி, பாதியை அக்காவின் பெயருக்கு அனுப்பினோம். பாதியை அவள் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டாள்.

விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஒரு பின்னேரம். வந்த அன்று போலப் பின் சீட்டில்தான் இருந்தாள். பாதி வழியில், சொல்லாமல் விட்டால் இனி ஒருபோதும் சொல்ல முடியாது என்று பட்டது.

“தங்கச்சி, அந்த மூணு கிழமையும் தாள நான் வேணுமெண்டுதான் தராம வைச்சிருந்தன். கோவத்தில. கேட்டிருந்தாலும் தந்திருக்கமாட்டன்.”

“தெரியும் காக்கா” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “நானும் அந்த மூணு கிழமையும் உங்கட சோத்துக் கறியில உப்புப் போடல்ல” என்றாள்.

நான் கண்ணாடியில் பார்த்தேன். அவள் சிரிக்காமல் இருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். உண்மையாகவே எனக்கு அந்த நாட்களில் உப்பில்லாதது தெரியவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வருமுன்னமே எனக்கு வாய் செத்துப்போயிருக்க வேண்டும். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். பிறகு அவள் அழுதாள்.

“மூத்தவன் கிடைச்சா எழுதுங்க” என்றேன்.

“எழுதுறன் காக்கா. உங்கட வீட்டுக்கும் ஆளனுப்பி, சுகமா இரிக்கார் எண்டு சொல்லுறன். நான் நேர வாறது இப்பத்தைக்குச் சரிவராது.”

“ஓம். விளங்குது.”

பொலிஸ்காரர் ஃபரீதா என்ற பெயரைப் பார்த்து முத்திரை குத்தினார். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ஆறு மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. கூரை போட்டாயிற்று, சின்னவை இரண்டும் பள்ளிக்கூடம் போகின்றன என்று இருந்தது. மூத்தவனைப் பற்றி அதில் இல்லை. நான் மூன்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. எண்பத்தேழில் விடுமுறையில் போனபோது பாண்டிருப்புக்குப் போய் அவளைப் பார்த்து வரலாம் என்று சொன்னேன். ஜெமீலா தம்பியைப் பார்த்தாள். தம்பி, “காக்கா, உங்களுக்கு ஊர் நிலவரம் தெரியா” என்றான். உண்மைதான், தெரியாது. நடந்தே போய்விடக்கூடிய தூரம். ஒரு மாதம் இருந்தேன். போகவில்லை.

பரமேஸ்வரி போன அன்று பின்னேரம் நான் திரும்பி வந்து காரை நிறுத்திவிட்டு, பழக்கத்தில் சமையலறைக் கதவடிக்குப் போனேன். ஒரு கிழமைக்கு முன்னம் வந்த புதிய பெண் அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தாள். வேறு தேசத்தவள். “சோறு ஆயிட்டா?” என்று கேட்டுவிட்டேன். அவள் கரண்டியோடு திரும்பி, விளங்காமல், மரியாதைக்குச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, அரபில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வருடம். இந்த வீட்டில் நான் தமிழில் வாய் திறப்பது, தொழுது முடித்துக் கையேந்தித் துஆக் கேட்கும்போது மட்டும்தான். பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். ஜெமீலாவுக்குக் கேட்கிறேன். தம்பிக்குக் கேட்கிறேன். கடைசியில், பெயர் தெரியாத அந்த மூத்த பையன் எங்கிருந்தாலும் அவனுக்கும் கேட்கிறேன்.